மின்விசிறியை யாரும் கேட்கவில்லை

மாமியார் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் நெற்றியில் போலீஸ்காரர் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டியபோது அந்தோணிராஜுக்குப் பொறாமையாக இருந்தது.

பொறாமைப்படுகிற இடமில்லைதான். அவனுடைய சகலை மார்க், மூட்டை மூட்டையாக ஷாபு கடத்தி பட்டர்வொர்த்தில் பிடிபட்டு ஒரு மாதமாகிறது. அந்தப் போதைக் காசில் வாங்கியது எதுவானாலும், யார் வீட்டில் கிடந்தாலும், அரசாங்கத்துக்குப் போகும். அதைச் சொல்லிக்கொண்டுதான் இன்ஸ்பெக்டர் ஸுல்கிஃப்லி காலையிலேயே ஜெலுத்தோங் அடுக்குமாடிக்கு ஏறி வந்திருந்தார்.

வீடு மாமியார் அமலம்மாளுடையது. மூத்த மகள் மிஷெலும் அவள் புருஷன் அந்தோணிராஜும் அவரோடுதான் இருக்கிறார்கள். இளைய மகள் நவோமி, மார்க்கின் மனைவி, அவர்களுடைய கடல் பார்த்த கொண்டோ வீட்டுக்குப் போலீஸ் பூட்டுப் போட்டதிலிருந்து இங்கேதான். சமையலறை வாசலை விட்டு அவள் நகரவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பொருளையும் பேனாவால் காட்டி, யார் வாங்கியது என்று மரியாதையாகக் கேட்டார்.

சின்ன மாப்பிள்ளை, என்றார் அமலம்மாள்.

இதே இரண்டு சொல்லைத்தான் அவர் கோயில் வாசலிலும் பாசாரிலும், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று எழுதிக்கொள்ளவே ஆள் வந்திருக்கிறது. குரல்தான் எழவில்லை.

குளிர்பெட்டி? சின்ன மாப்பிள்ளை. மசாஜ் நாற்காலி? சின்ன மாப்பிள்ளை.

ஒட்ட ஒட்ட வீடு திருவிழாக் கோலம் கொண்டது.

மூலையில் ஒரு மின்விசிறி தலையாட்டிக்கொண்டிருந்தது. மாமியாரின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அந்தோணிராஜ் கொடுத்தது. அன்றைக்கு மார்க் பெயரில் வந்தது மூன்று பவுன் சங்கிலி. விருந்துக்கு வந்தவர்கள் சங்கிலியைக் கையில் ஏந்தி எடை பார்த்தார்கள். விசிறிக்கு முன்னால் நின்று வியர்வையை ஆற்றிக்கொண்டார்கள்.

இப்போது போலீஸ்காரரும் அதையேதான் செய்தார். விசிறிக்கு முன்னால் நின்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பிறகு அதைத் தாண்டிப் போய்விட்டார். யார் வாங்கியது என்று ஒரு பேச்சுக்குக்கூட யாரும் கேட்கவில்லை.

பறிமுதல் செய்யக்கூட லாயக்கில்லாத பொருளைக் கொடுத்த மருமகன் பினாங்குத் தீவிலேயே நான் ஒருவன்தான், என்று அந்தோணிராஜ் நினைத்துக்கொண்டான்.

பாசார் பையும் கையுமாக வாசலில் நின்று வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரிக்கு அது கேட்டுவிட்டது போலிருக்கிறது.

"காத்தாடிய மட்டும் விட்டுட்டாங்களே அண்ணே. பாவம்லா, அதுவும் ஒரு சாமான்தானே."

அந்தோணிராஜ் பதிலுக்குச் சிரித்து வைத்தான். அதற்குள் இன்ஸ்பெக்டரின் பேனா அமலம்மாளின் கழுத்துக்கு நேராக வந்து நின்றிருந்தது.

அமலம்மாளின் கை சங்கிலியை மூடியது.

உண்மையைச் சொன்னால், இதைப் பார்க்கத்தான் அந்தோணிராஜ் வேலைக்கு லீவு போட்டிருந்தான். அந்தச் சங்கிலி அவனை நிம்மதியாகச் சாப்பிட விட்டதில்லை. பூசைக்குக் கிளம்பும்போது மாமியார் அதைச் சேலைக்கு வெளியே எடுத்து விடுவார். சின்னவருக்குத் தாராளக் கை என்பார். சொல்லும்போது கண் தானாக விசிறிப் பக்கம் போகும். இன்றோடு எல்லாம் தீர்ந்தது. அந்த இரண்டு சொல்லை இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லட்டும். சங்கிலி போகும், கூடவே அந்தப் பேச்சும் போகும்.

அமலம்மாள் நவோமியைப் பார்த்தார். பிறகு, யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல, அந்தோணிராஜைப் பார்த்தார்.

"இது பெரிய மாப்பிள்ளை வாங்கித் தந்தது."

வாசலில் ஜெகதீஸ்வரி பையைக் கீழே வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் அந்தோணிராஜிடம் திரும்பி, அப்படியா என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்த மாதிரிகூட இருந்தது.

ஆமாம் துவான், நான்தான், என்றான். அதோடு நிற்கவில்லை. லிட்டில் இந்தியாவில் எந்தக் கடை, கடைக்காரர் பழனியப்பன் சங்கிலியை எப்படி இரண்டு தடவை நிறுத்துக் காட்டினார், டாலரில் சிலுவை வேண்டுமா மாதா வேண்டுமா என்று தான் எவ்வளவு நேரம் முழித்தான் என்பதுவரை சொன்னான்.

மாமியார் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை காலம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், மூத்த மருமகன் இவ்வளவு அழகாகப் பொய் சொல்வான் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் தலையசைத்துவிட்டுப் பேனாவை மூடினார்.

சாமான்களெல்லாம் லாரி ஏறிப் போன பிறகு, அமலம்மாள் வந்து அந்தோணிராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாண நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"என் பொய்யில உங்களையும் இழுத்து விட்டுட்டேன் மாப்ளே. சனிக்கிழம பாவசங்கீர்த்தனத்துக்குப் போறேன். நீங்களும் வந்து ஃபாதர்கிட்ட சொல்லிடுங்க."

சமையலறை வாசலில் நவோமி நிமிர்ந்தாள். வேண்டாம் என்று அவனைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள்.

வர்றேன் அத்தே, என்றான் அந்தோணிராஜ். போய் என்னத்தைச் சொல்வது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

அந்தப் பிறந்தநாளன்றும் நவோமி இதே வாசலில்தான் நின்றாள். சங்கிலி வருகிறது என்று போனில் மாமியாருக்குச் சொன்ன மார்க் வரவே இல்லை. கூடம் நிறைய ஆட்கள். அவள் கை வெறுமையாக இருந்தது. அந்தோணிராஜ் தன் சட்டைப் பையிலிருந்த சின்னப் பெட்டியை எடுத்து அந்தக் கையில் வைத்து மூடினான். மார்க் கொடுத்தான் என்று சொல்லச் சொன்னான். பிறகு, கேக் வெட்டுவதற்குள் கீழே இருக்கும் ஹார்ட்வேர் கடைக்கு ஓடி, கண்ணில் பட்ட முதல் பொருளை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, மூச்சிரைக்க மேலே ஏறி வந்தான்.