யார் அந்தச் சாமி?

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் தனபாலிடம், அன்று ஒன்பதாவதாக ஒரு யூடியூபர் வந்து நின்றான். கேள்வி மட்டும் அதேதான்.

"அண்ணா, குப்பாயி கொலையில அந்தச் சாமியார் யாருன்னு தெரியுமா?"

குண்டனி நாடு என்ற மலையூரில் தனியாக இருந்த குப்பாயி, சாவதற்குச் சற்று முன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு எப்படியோ வெளியே வந்துவிட்டது. 'சாமி, வெளிய ஆரோ நிக்கறாங்க. வெரசா வா சாமி.' அதைக் கேட்டதிலிருந்து இணையமே துப்பறியும் வேலையில் இறங்கி, சாமியாரைத் தேடிக்கொண்டிருந்தது. அருவிப் பக்கம் தங்கியிருந்த காவி வேட்டிக்காரர் ஒருவர் அடிகூட வாங்கிவிட்டார்.

"சாமியாரெல்லாம் ஆருமில்லீங்க," என்றான் தனபால் அலுப்போடு. எத்தனை பேரிடம்தான் சொல்வது? "எங்க பக்கம் பெத்த புள்ளையத்தான் அப்படிக் கூப்புடுவாங்க."

யூடியூபர் சிரித்தான். "மகனா இருந்தா ஓடி வந்திருப்பானே அண்ணா! லாஜிக் இடிக்குதே."

தனபால் ரிப்பேருக்கு வந்த போன் ஒன்றை எடுத்துக் கழற்றத் தொடங்கினான்.

அந்தப் பதிவு வந்த சாயங்காலம், அவன் இதே நாற்காலியில் உட்கார்ந்து, சேலத்துக் கொலை ஒன்றைச் செய்தது யார் என்று எழுநூறு பேருக்கு நேரலையில் விளக்கிக்கொண்டிருந்தான். அம்மாதானே, முடித்துவிட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்று விரலால் தள்ளிவிட்டான்.