பெட்டி செய்த பேயன்

“உதைச் செய்த பேயன் மட்டும் என்ரை கையிலை அகப்படட்டும். இந்த அகப்பைக் காம்பாலை போடுற போட்டிலை...”

ஜெசிதா அகப்பையை ஓங்கியபடி குசினி வாசலில் நின்றாள். வேலையால் வந்த அவள் கணவன் கனிசியஸ் இன்னும் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“ஆரைச் சொல்லுறீர்?” தெரியாததுபோலக் கேட்டான்.

“இந்தப் புது எடிட்டரைச் செய்தவனைத்தான்.”

ஜெசிதாவின் வலைப்பதிவுக்குப் பெயர் ‘எங்கடை சட்டி’. தங்கள் கடலோர ஊரான குருநகரின் சமையலை எழுதுவாள். பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற ஊர்ச்சனம் அதைப் பார்த்துவிட்டுத்தான் மீன் வாங்கப் போகும்.

பழைய எடிட்டர் ஒரு வெள்ளைத்தாள் மாதிரி. மேலிருந்து கீழே எழுதிக்கொண்டு போகலாம். புதியதில் ஒவ்வொரு பந்தியும் தனித்தனிப் பெட்டி. படமும் ஒரு பெட்டி. பெட்டியை விரலால் இழுத்து வேண்டிய இடத்தில் வைக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் அது சிலவேளை வேண்டாத இடத்திலும் போய் இருந்துவிடும்.

அப்படித்தான், சுறாவை அவித்து உதிர்த்து வறுக்கும் வறைக் குறிப்பில் ஒரு பெட்டி கீழே வழுக்கிவிட்டது. அவித்த சுறாவின் தோலை உரிக்கச் சொல்லும் பெட்டி. சுறாத்தோல் மணல்போல நறநறக்கும். அதை உரிக்காமல் உதிர்த்தால் வறை வாயில் வைக்க உதவாது.

“பாரிசிலை றொசாந்தி அக்கா தோலோடையே உதிர்த்து வறுத்துப்போட்டா. அவவின்ரை மனுசனுக்குப் பல்லெல்லாம் மணலாம்! என்ரை மானம் போச்சு.”

“பெட்டியை எந்த இடத்திலை பிடிச்சனீர்? இழுக்கேக்கை வழுக்கினதோ, விட்டாப்பிறகோ?”

“பிடிக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. சும்மா தொட்டனான், போயிட்டுது.”

“பழசிலை ஒரு பந்தியை மாத்திறதெண்டா வெட்டி ஒட்டவேணும். புதிசிலை அந்தக் கரைச்சல் இல்லையே. அதின்ரை அமைப்பு என்னெண்டா...”

“நீங்களேன் அந்தப் பேயனுக்காண்டிக் கதைக்கிறியள்?”

கனிசியஸ் குனிந்து சப்பாத்தைக் கழற்றினான்.

அந்தப் பேயன் அவன்தான். அவன் வேலை செய்வது நகரிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில். வெளிநாட்டு வலைப்பதிவுத் தளமொன்று தன் புது எடிட்டரை அங்கேதான் செய்வித்தது. அது வெளிவந்த அன்று, கொத்துரொட்டியும் வாங்கிக்கொண்டு பெருமையாகச் சொல்லத்தான் வந்தான். அவன் வாயைத் திறக்கமுன் அவள் திறந்துவிட்டாள். அன்றிலிருந்து சொல்லத் துணிவில்லை.

மறுநாள் விடிய முதல் வேலையாக ஒரு சிறு மாற்றம் செய்தான். இனித் தொட்டால் பெட்டி நகராது; அழுத்திப் பிடித்தால்தான் நகரும். இணையத்தில் இயங்கும் மென்பொருளில் இது ஒரு வசதி. ஓரிடத்தில் திருத்தினால் உலகம் முழுவதும் திருந்திவிடும்.

“உது எங்கையிருந்து வந்த முறைப்பாடு? எங்கடை பட்டியலிலை இல்லையே?” என்று கேட்டார் அவனுடைய மேலாளர் லெனாட்.

“ஒரு முக்கியமான பாவனையாளர், அண்ணை.”

அன்று பின்னேரம் வேறு முறைப்பாடு. “‘கீ’ எண்டு எழுதினா மேல் சுழி வெட்டுப்படுது. உவன் தன்ரை சீவியத்திலை தமிழ் எழுத்தைக் கண்டிருப்பானே?” அதுவும் மறுநாள் சரியானது. அடுத்தது, போனில் எழுதும்போது புதுப் பெட்டி சேர்க்கும் பொத்தான் விசைப்பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது. அதையும் சரிசெய்தான்.

பகலில் அவள் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே எழுதிக்கொண்டிருந்தாள். கணவாய், நண்டு, திருக்கை என்று பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. ஒழுங்கையில் அவனுடைய மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்ட பிறகுதான் எடிட்டர் பழுதாகும்.

ஒரு வெள்ளிக்கிழமை, வேண்டியவர்களுக்காக அதுவரை விட்டுவைத்திருந்த பழைய எடிட்டரைத் திங்கட்கிழமையோடு முற்றாக நிறுத்தப்போவதாகத் தளம் அறிவித்தது.

“இஞ்சேரப்பா, வந்து பாருங்கோ,” என்று ஜெசிதா மடிக்கணினிக்கு முன்னால் இருந்தபடி கூப்பிட்டாள். “நான் ‘எங்கடை சட்டி’யை அழிக்கப்போறன்.”

“என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?”

“பிறகென்ன? படத்தைப் போட்டா எழுத்து ஒரு பக்கம் பாயுது, படம் ஒரு பக்கம் பாயுது. இனிப் பழசும் இல்லையாம். நான் என்னத்துக்கு எழுதுவான்?”

திரையில் ‘நிரந்தரமாக அழிக்கவா?’ என்ற கேள்வி நின்றது. அழித்தால் ஒரு குறிப்பும் மிஞ்சாது, பிறகு எவராலும் மீட்கவும் முடியாது என்பது கனிசியசுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய விரல் ‘ஆம்’ பக்கம் போனது.

அவன் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். “அமத்தாதையும்! அந்தப் பேயன் நான்தான். நான்தான் உதைச் செய்தனான். படத்தையும் நாளைக்கே சரிப்பண்ணித் தாறன். என்னை என்னவும் செய்யும், அதை மட்டும் அழிக்காதையும்!”

ஜெசிதா ‘இல்லை’யை அழுத்தினாள். மடிக்கணினியை மூடி ஒரு பக்கம் தள்ளிவைத்தாள்.

“எனக்கு எப்பவோ தெரியும்.”

“எப்பிடி?”

“கத்திறது நான், குசினியுக்கை. திருந்திறது எடிட்டர், விடிய. இடையிலை நிண்டது நீங்கள் ஒரு ஆள்தானே?”

அவன் அப்படியே கதிரையில் இருந்துவிட்டான். “அப்ப... பழைய எடிட்டர்?”

“அது ஆருக்கு வேணும்? புதிசு இப்ப நல்ல சுகம்.”

“தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் கத்தினனீர்? ஆறுதலா ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!”

“ஆறுதலாச் சொன்ன எதை நீங்கள் செய்திருக்கிறியள்?”