பன்னிரண்டாவது குடுவை

கண்ணாடித் தட்டில் நடுங்கும் ஜெல்லை ஏந்திக்கொண்டு தாட்சாயணி படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். இன்னும் பத்து நிமிடத்தில் மேல்மாடிக் கமிட்டி அவளுடைய ஆராய்ச்சிக்கு மூடுவிழா நடத்திவிடும்.

வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதம். அது கையில் கிடைத்தால்தான் அந்த வைரஸை அடக்கும் மருந்தைச் சோதிக்க முடியும். பாக்டீரியாவை வளர்த்து, அதைக்கொண்டே அந்தப் புரதத்தைச் செய்ய வைப்பதுதான் வேலை. பதினோரு குடுவைகளிலும் ஒரே கதை. தூண்டுமருந்தை ஊற்றியதும் பாக்டீரியா வெறிபிடித்தது போல் புரதத்தைச் செய்து தள்ளும். அந்தப் புரதமே அதன் தோலைப் பொத்தலாக்கிக் கொன்றுவிடும்.

கமிட்டி அறை வாசலில் அவளுடைய பேராசிரியர் அருள்தாஸ், பன்னிரண்டாவது குடுவையின் புரதங்களைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் அந்த ஜெல்லை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். சரியான இடத்தில், தடிமனாக ஒரு நீலக் கோடு.

“மூணு வருஷமா கண்ணாமூச்சி காட்டின கழுதை இதுதானாம்மா?”

“அதேதான் சார்.”

“உள்ளே போனதும் முதல் கேள்வியே இதுதான் கேட்பாங்க. தூண்டுமருந்து எவ்வளவு ஊத்தினே? பாதியா, கால்வாசியா?”

ஏதாவது ஓர் அளவைச் சொல்லிவிட்டால் கெட்டிக்காரி என்று பெயர் கிடைக்கும். ஆனால் அந்த அளவை நம்பி வைக்கிற அடுத்த குடுவையும் செத்துப்போகும்.

“சொல்லும்மா, கூப்பிடறாங்க.”

“ஊத்தவே மறந்துட்டேன் சார். அதுங்க பாட்டுக்கு மெள்ள மெள்ளச் செஞ்சிருக்கு.”