எலும்பு பார்த்தவர்

"ஊசி போட்டுக்கறதுன்னா, நடுவுல மட்டும் வுட்றாதம்மா" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்.

ஆண்டாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் யாரிடமும் வாயைத் திறக்கவே இல்லை. கையிலிருந்த மருந்துச் சீட்டைத்தான் அரைமணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் மரவள்ளிக் கிழங்கு மூட்டையைத் தூக்கக் குனிந்தபோது முதுகில் சடக்கென்றது. கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து காட்டினால், எலும்பு தேய்ந்து பஞ்சாகிவிட்டது, இனி வருடக்கணக்கில் மருந்து வேண்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. வாரம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, இல்லையென்றால் வருடத்துக்கு ஒருமுறை பாட்டில் ஏற்றுவது. மூன்றில் எது என்று யோசித்துச் சொல்லும்படி வெளியே உட்கார வைத்திருந்தார். அந்தப் பேச்சு கதவைத் தாண்டிப் பெரியவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

அறுபத்தெட்டு வயது. கல்வராயன் மலையில் ஒண்டிக்கட்டையாகக் காலம் தள்ளுகிறவள். இன்னொரு முறை விழுந்தால் தண்ணீர் மொண்டு கொடுக்கக்கூட ஆளில்லை. அந்தப் பயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

பெரியவரின் பெயர் அம்மாசியாம். திருக்கோவிலூரில் ஆற்றங்கரையோரம் நாற்பது வருடமாக வேலையாம். உள்ளே அவர் மனைவிக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேசும்போது அவர் ஆண்டாளின் முகத்தைப் பார்க்கவில்லை. முதுகையும் இடுப்பையும்தான் மாறி மாறிப் பார்த்தார். அவளுக்கு என்னவோ போலிருந்தது.

மாத்திரை என்றால் வெறும் வயிற்றில் போட்டு, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதையே அவரும் சொன்னார்.

"ஒழுங்கா முழுங்கனவங்களையும் பார்த்திருக்கேன், டப்பாவுல போட்டு வச்சிக்கினு இருந்தவங்களையும் பார்த்திருக்கேன். எலும்பத் தொட்டாலே தெரிஞ்சிடும்மா."

சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்துக்குக் கறுத்துப்போன ஓர் இரும்பு ஆணியை எடுத்துக் காட்டினார். இடுப்பு உடைந்தவர்களுக்கு உள்ளே வைப்பதாம். தன்னிடம் ஒரு டப்பா நிறைய இருப்பதாகச் சொன்னார்.

ஆண்டாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். ஆனாலும், ஆபரேஷன் அறையிலேயே பழம் தின்று கொட்டை போட்டவர் போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

"இத்தினி பேரு இன்னா மருந்து எடுத்தாங்கன்னு எப்படிங்க தெரியும்?"

"கூட வர்ற புள்ளைங்கள கேட்டுடுவேன். ஊசிய நடுவுல வுட்டவங்களுக்கு முதுகெலும்பு ஒண்ணுகூட முழுசா இருந்து நான் பார்த்ததில்ல."

எதைத்தான் போட்டுக்கொள்வது என்று கேட்டாள். எதை விடாமல் போட முடியுமோ அதுதான் நல்ல மருந்து, மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றார் அவர். ஆண்டாள் யோசித்தாள். மழைக்காலத்தில் மலைக்கு பஸ்ஸே சரியாக வராது. வாரக் கணக்கு மறந்துபோகும். வருடத்துக்கு ஒருமுறை என்றால் எப்படியாவது இறங்கி வந்துவிடலாம். பாட்டிலே ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்ல முடிவு செய்ததும் நெஞ்சில் இருந்த பாரம் குறைந்தது.

நன்றியோடு எழுந்தவள், "எந்த ஆஸ்பத்திரிங்கண்ணே? திருக்கோவிலூர் பக்கம் வந்தா ஒரு எட்டு வந்து பார்க்கறேன்" என்றாள்.

"ஆஸ்பத்திரி இல்லம்மா, சுடுகாடு. எரிச்ச மறுநாளு பால் தெளிக்க வர்ற புள்ளைங்களுக்கு எலும்பு பொறுக்கித் தர்றது நான்தான்" என்ற அம்மாசி, முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "நீ அவசரப்படாம வாம்மா."