குரல் உடையக் கூடாது

"புதுசு வாங்காதீங்க!"

பெரியவர் மடிக்கணினியைப் பையிலிருந்து முழுதாக எடுக்கும் முன்பே ரிப்பேர்க்காரர் சொல்லிவிட்டார். கடை வாசலை இரண்டு முறை தாண்டிப் போய்விட்டு, மூன்றாவது முறைதான் பெரியவர் துணிந்து படியேறியிருந்தார்.

"மூணு கடையில கேட்டேன். மூணு பேரும் இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கச் சொல்றாங்க."

"விக்கறவன்கிட்டப் போய்க் கேட்டா வேற என்ன சொல்லுவான்? இப்ப வர்ற மெஷினைத் திறந்து பாருங்க, எல்லாத்தையும் சேர்த்து ஒட்டி வெச்சிருக்கான். ஒண்ணு போனா மொத்தமும் குப்பை. இது அந்தக் காலத்துக் கட்டு. இன்னும் ஆறு வருஷம் ஓடும்."

தெருவில் அவருக்குப் 'பிரசங்கி' என்று பெயர். அவர் கடைக்குப் போனால் பழுது தீர்ந்துவிடும், பிரசங்கம்தான் தீராது என்பார்கள். திருப்புளியைக் கையில் பிடித்துவிட்டால் கம்பெனி, விளம்பரம், வாரன்டி என்று ஒன்றையும் விட்டுவைக்க மாட்டார். எதிரில் இருப்பவர் வாயைத் திறக்க இடைவெளியே கிடைக்காது.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. மறுபடியும் வீடியோவுலதான்" என்றார் பெரியவர். "போன ரெண்டு வாய்தாவும் வீணாப் போச்சு. ஜட்ஜ் பேசறது என் பொண்ணுக்கு நல்லாக் கேக்குது. இவ பேச ஆரம்பிச்சா..."

"அரை நிமிஷத்துல குரல் உடையும். அப்புறம் உதடு மட்டும் அசையும். அப்புறம் படமும் அப்படியே நின்னுடும்."

"அதேதான். நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா எழுத்துல இருக்கறதை வெச்சே முடிச்சுடுவாங்களாம். எதிர்த்தரப்பு வக்கீல் கட்டுக்கட்டா எழுதிக் குடுத்திருக்கார். இவ எதையும் எழுதி வைக்கலை. எல்லாம் மனசுக்குள்ளதான் இருக்கு."

ரிப்பேர்க்காரரின் கை ஒரு கணம் நின்றது. "அப்படி முடியக் கூடாது" என்றார்.

"பாஸ்வேர்டு சொல்லட்டுமா?"

"வேண்டாம், நீங்களே போடுங்க. பக்கத்துலயே உக்காருங்க. உள்ள இருக்கற எதையும் நான் பாக்கக் கூடாது."

அடிமூடியைக் கழற்றி, விசிறியில் படிந்திருந்த தூசியை ஊதித் தள்ளினார். கடை இணைப்பில் போட்டுப் பார்த்ததில் படமும் குரலும் பளிச்சென்று வந்தன.

"மெஷின் மேல தப்பு இல்லை. உங்க வீட்டு நெட்டுலதான் கோளாறு."

"அந்தக் கம்பெனியில கேட்டா இன்னும் பெரிய பிளான் போடச் சொல்றாங்க."

"போடாதீங்க! அவன் தம்பட்டம் அடிக்கிற வேகம் எல்லாம் நம்ம வீட்டுக்கு இறங்கற வேகம். உக்காந்து சினிமா பாக்கத்தான் அது உதவும். நாம பேசறது இங்கேர்ந்து மேல ஏறணுமே, அதைப் பத்தி எவனாவது வாயைத் திறப்பானா? நடங்க, வீட்டுல போய்ப் பாத்துடலாம்."

மட்ட மத்தியானத்தில் கடையை இழுத்துச் சாத்தினார்.

மகள் வேலைக்குப் போயிருந்தாள். வைஃபை பெட்டி இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. "இரும்புக்குப் பின்னாடி வெச்சா சிக்னல் எப்படி வரும்?" என்று அதை எடுத்து மேசைமேல் வைத்தார். அப்போதும் சரியாகவில்லை. வயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். ஜன்னல் கதவின் இடுக்கில் அது நசுங்கிக் கிடந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டார்.

"நாப்பத்தெட்டு மணி நேரத்துல ஆள் வருவாங்க சார்" என்றது ஒரு குரல்.

"நாப்பது நிமிஷத்துல வரணும்மா. உங்களுக்கு மேல யார் இருக்காங்களோ அவங்ககிட்டக் குடுங்க."

பாட்டு ஓடியது. லைன் துண்டானது. மறுபடி போட்டார். மறுபடி பாட்டு. பெரியவர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லை.

"சார், ரெண்டு மணி நேரமா இதே வேலையா இருக்கீங்களே!" என்று அலுத்துக்கொண்டாள் கடைசியாகப் பேசிய பெண்.

"நாளைக்குக் காலைல வரைக்கும் எனக்கு இதே வேலைதான். உங்களுக்கு வேற வேலை இருந்தா ஆளை அனுப்பிடுங்க."

நாலரை மணிக்கு ஏணியோடு ஆள் வந்தான். நசுங்கிய வயரைக் கழற்றிவிட்டுப் புதிது இழுத்துக் கொடுத்துப் போனான்.

ரிப்பேர்க்காரர் தன் போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய், அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டார். "நிறுத்தாம பேசிக்கிட்டே இருங்க."

"என்னத்தைப் பேச?"

"எதையாவது."

பெரியவர் தன் மூட்டு வலியைச் சொன்னார். மாடிக் குழாய் ஒழுகுவதைச் சொன்னார். மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள் என்றார். பத்து நிமிடத்தில் ஒரு சொல்கூட உடையவில்லை.

திரும்பி வந்த ரிப்பேர்க்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போதும், நாளைக்கு எல்லாம் நல்லாக் கேக்கும். நான் வந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று செருப்பை மாட்டினார்.

பெரியவர் வாசல்வரை கூடவே வந்தார்.

"நாளைக்கு அவ வாயைத் திறந்து எல்லாத்தையும் சொல்லிட்டா விவாகரத்து கிடைச்சுடும். தெரிஞ்சுதானே இவ்வளவும் பண்ணீங்க, மாப்ளே?"

"ஒன்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்தும் அவ பேசினதை நான் கேக்கலை, மாமா. நாளைக்காவது முழுசாக் கேக்கணும்."