அடுத்த நிறுத்தம்

கியோட்டோவில் பேருந்தின் பின்கதவு வழியாக ஏறி முன்கதவு வழியாக இறங்க வேண்டும். கோயில் நிறுத்தத்தில் ஆவுடை கூட்டத்தோடு கூட்டமாக இறங்கித் திரும்பிப் பார்த்தாள். கணவர் சங்கரலிங்கம் இறங்கவில்லை. ஜன்னலோரம் வேடிக்கை பார்த்தபடியே பேருந்தோடு போய்க்கொண்டிருந்தார். கொஞ்ச காலமாகவே அவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. சொந்தப் பெயரைக் கேட்டாலும் யோசிப்பார். செல்போனும் அவருடைய பையில்தான் இருந்தது.

"ஐயோ, அவுகள விட்டுட்டேனே!" என்று நடைபாதையில் நின்று அழுதாள். சைக்கிளில் காய்கறியோடு வந்த ஒரு பெண் இறங்கி அருகில் வந்தாள். ஆவுடை தூரத்தில் போகும் பேருந்தைக் காட்டினாள். கையை உயர்த்தி அவருடைய உயரத்தைக் காட்டினாள், பிறகு மீசையை முறுக்கிக் காட்டினாள். அந்தப் பெண் சைக்கிளை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

அடுத்த நிறுத்தத்தில் சங்கரலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்து விடாமல் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோட்டு போட்ட ஒருவர், இவர் எழுந்து போய்விடாதபடி சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அலுவலகப் பை அவர் மடியில் இருந்தது. இவருக்காகவே அவரும் இறங்கியிருக்க வேண்டும்.

ஆவுடையைக் கண்டதும் சங்கரலிங்கம் அவரிடம், "பாத்தீயளா, வந்துட்டா. நான் சொன்னேம்லா!" என்றார்.

ஒன்றும் புரியாத அந்த மனிதர் எழுந்து குனிந்து வணங்கி, சட்டைக்கையை ஆவுடையிடம் ஒப்படைத்தார். அவளோ அதோடு அந்த மனிதரின் விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். விட மனம் வரவில்லை.