தகரக் குவளை

“த்தூ!”

சன்னா துப்பிய ஒயின் வாளி விளிம்பில் பட்டுத் தெறித்து, அப்போதுதான் உள்ளே நுழைந்த ஹேனிங்கின் பளபளப்பான ஷூவில் விழுந்தது.

“என்னக்கா, வந்ததும் வராததுமா மரியாதை பலமா இருக்கு?” ஹேனிங் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு சரி.

“ஐயோ, உங்க மேல இல்ல தம்பி. இந்தப் பீப்பாய் மேலதான் கோவம்.”

பக்கத்தில் நின்ற டலீனும் அதே பீப்பாயிலிருந்து ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினாள். லெனோரா அதன் முகப்பில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அடுத்த பீப்பாயின் ஒயின் இருவர் தொண்டையிலும் இறங்கியது. லெனோரா சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அவள் ருசி பார்ப்பதில்லை. ஒயின் பாரை நடத்துகிறாளே தவிர, ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை.

காரணம் கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்கியது. ஒரு நசுங்கிய தகரக் குவளை. ஹேனிங்கின் அப்பா தன் தோட்டத்தில் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே ஊற்றிக்கொடுத்த காலத்தில், லெனோராவின் அப்பா ஏந்தி நின்ற குவளை. குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தார் அந்த மனுஷன்.

மூன்று பெண்களும் அதே தோட்டத்தில் திராட்சை பறித்தவர்கள்தான். தென்னாப்பிரிக்காவின் துல்பாக் ஊரில் ஒரு பழைய குதிரை லாயத்தைப் பிடித்து, பின்பக்கம் பீப்பாய்கள், முன்பக்கம் பார் என்று கூட்டாகத் தொடங்கியபோது, ஒயினுக்கும் பாருக்கும் ‘தகரக் குவளை’ என்றே பெயர் வைத்தார்கள். எவ்வளவு திமிர் பாருங்கள்!

ஹேனிங் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “நேரா விஷயத்துக்கு வரேன். ஒயின், பார், பீப்பாய் எல்லாத்தையும் எங்க கம்பெனிக்குக் குடுத்துடுங்க. பணம் நீங்க நினைக்கிறதுக்கு மேலயே தர்றோம். நீங்க மூணு பேரும் இங்கயே வேலை பார்க்கலாம். பேரை மட்டும் மாத்திடுவோம். அந்தப் பழைய கதையெல்லாம் எதுக்கு இப்ப?”

“மாட்டோம்னா?” என்றாள் டலீன்.

அவன் பின்வாசலைக் காட்டினான். முற்றத்தில் அவன் கம்பெனி டேங்கர் லாரி நின்றது. டிரைவர் குழாயை இழுத்து வந்து, பெருக்கல் குறி போட்ட பீப்பாய் ஒன்றுக்குள் இறக்கி ஒயினை லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

“இனிமே இந்த லாரி வராது. இது குடுக்கிற காசுலதானே உங்களுக்கு பாட்டிலும் தக்கையும்? உங்க சரக்கை நான் மட்டமா பேசலக்கா. எங்க உசத்தி பாட்டில்ல ஊத்துறதே இந்த லாரியில வர்றதுதான். கேப் டவுன்ல பெரிய மனுஷங்க சப்புக் கொட்டிக் குடிக்கிறாங்க!”

டலீனுக்கு ஏனோ இருமல் வந்தது.

சன்னாவின் முகம் சுண்டிவிட்டது. அவன் சொன்னதில் பொய்யில்லை. லாரி நின்றால் கைக்காசு நின்றது. அடுத்த அறுவடை வரைக்கும் கதவைத் திறந்து வைத்திருக்க முடியுமா என்பதே சந்தேகம்.

“மூணு பேரும் ஒண்ணா சொல்லணும். அதான் எங்க வழக்கம்,” என்றாள் லெனோரா. “டலீன், இந்த வருஷத்து நம்ம ஒயினை எடு.”

டலீன் கிளாஸ்களில் ஊற்றினாள். துப்பும் வாளியை மேஜைக்கு நடுவில் தூக்கி வைத்தாள்.

“துப்பினா மாட்டோம், முழுங்கினா சம்மதம், அப்படித்தானே? இந்தத் தடவையாவது என் மேல தெறிக்காம பார்த்துக்குங்க,” என்றான் ஹேனிங். கண் மட்டும் வாளியை விட்டு நகரவில்லை.

டலீன் ஒரு வாய் எடுத்துச் சுழற்றினாள். வாளியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மடக்கென்று விழுங்கினாள். ஹேனிங் பேனாவைத் திறந்தான்.

சன்னாதான் தடுமாறினாள். கன்னம் நிறைய ஒயினோடு லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாளிப்பக்கம் குனியக்கூடச் செய்தாள். பிறகு நிமிர்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள்.

“அப்பாடா!” ஹேனிங் வாய்விட்டே சொல்லிவிட்டான். “லெனோரா அக்கா, நீங்க குடிக்க மாட்டீங்கன்னு தெரியும். தலையை ஆட்டினா போதும்.”

லெனோரா எழுந்து கல்லாவுக்குப் போனாள். ஆணியிலிருந்த குவளையை எடுத்து ஏப்ரனில் துடைத்தாள். விளிம்புவரை ஊற்றினாள்.

“லெனோரா, வேணாம்டி!” சன்னா பதறிப்போய் எழுந்தாள்.

லெனோரா கேட்கவில்லை. அண்ணாந்து, மூச்சு விடாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள். புரையேறியது, கண்ணில் நீர் முட்டியது. குவளையை அவன் விரித்து வைத்திருந்த ஒப்பந்தத்தின் மேலேயே ‘டங்’கென்று வைத்தாள்.

“ஆஹா! நீங்களே குடிச்சுட்டீங்க, இனி பேச்சே இல்ல!” ஹேனிங் குவளையை நகர்த்திவிட்டுப் பேனாவை நீட்டினான். “மூணு பேரும் ஒண்ணா சொல்லிட்டீங்க. இந்த இடத்துல ஒரு கையெழுத்து...”

லெனோரா புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“முழுங்கினா அது எங்களுக்கு, தம்பி. உங்க லாரிக்குப் போறதெல்லாம் நாங்க துப்புனது!”